நான்கு இருக்கைகளும் மூன்றாவது புகாரும்

காலை ஏழு நாற்பது, இரண்டு டிக்கெட், வாங்கியவர் பெயர் பார்த்தசாரதி: கிரிக்கெட் சீசன் டிக்கெட்டை இணையத்தில் மறுவிற்பனை செய்கிறவனுக்கு ஒரு நாள் இப்படித்தான் விடிகிறது. அது எப்படி முடியும் என்பது பார்த்தசாரதியின் கையில் இருக்கிறது.

சீசன் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லா ஆட்டத்துக்கும் போக முடியாமல் விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் பட்டது சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சென்னை மைதானத்தில் ஒரே வரிசையில் எனக்கு நான்கு இருக்கைகள் உண்டு. சீசனுக்கு ஏழு ஆட்டம். நான் இருப்பதோ சித்தூரில். ஒரு நாளிதழுக்கு இருபத்திரண்டு வருஷம் செய்தி அனுப்பினேன். சித்தூர்ப் பக்கத்தை அவர்கள் நிறுத்தியதும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். டிக்கெட்டை ஒரு விற்பனைத் தளத்தில் போடுவேன். யாராவது வாங்கினால் அவர்கள் போனுக்கு அனுப்பி வைப்பேன்.

அந்தத் தளத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரே சீசனில் மூன்று புகார் வந்தால் விற்பவரின் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். கணக்கு போனால் விற்க முடியாது. விற்காமல் அடுத்த வருஷத்துக்கு நான்கு இருக்கைகளையும் புதுப்பிக்க என்னால் ஆகாது. ஒரு தடவை கைவிட்ட இருக்கை திரும்பக் கிடைக்காது. காத்திருப்பவர்கள் பட்டியல் அவ்வளவு நீளம். போன சீசனில் இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் எனக்கு இரண்டு புகார் விழுந்துவிட்டது.

ஏழாவது ஆட்டத்தை விற்பதில்லை என்று என் மனைவி சுலோசனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்பது வருஷமாக ஊரில் இருப்பவர்களையெல்லாம் அந்த இருக்கைகளில் உட்கார வைத்தோம். அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவள் உட்காரும் முதல் சீசனே கடைசி சீசனாகிவிடக் கூடாது. ஆகவே மூன்றாவது புகாரை வரவிடுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

செல்லை வண்டியில் வைத்தவர்கள்

முதல் புகார் திருச்சானூரிலிருந்து வந்தது. லாட்ஜ் மேனேஜர் ஒருவர் நான்கு டிக்கெட்டையும் வாங்கினார். குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். ஆண்கள் வேட்டி, மேல்துண்டு, பெண்கள் பட்டு. கையில் ஆளுக்கொரு ஆதார் நகல். ஆட்டம் ஆரம்பிக்க மூன்று மணி நேரம் முன்பே வரிசையில் முதல் ஆளாக நின்றார்கள். வாசலில் இருந்தவர் டிக்கெட் கேட்டதும் நான்கு ஆதாரையும் நீட்டினார்கள்.

டிக்கெட் போனில் இருந்தது. போன் வேனில் இருந்தது. வேன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் முதல் அணி ஆடி முடித்துவிட்டது. புகாரைப் பார்த்துவிட்டு நானே அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், போனை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று. அவர் கொஞ்சம்கூடக் கோபப்படாமல் சொன்னார்: “டிக்கெட் எடுத்துக்கினு கியூவுல நிக்கணும்னா செல்லை வெளிய வெச்சிட்டுத்தான் சார் போவோம். திருமலையில அதானே வழக்கம். சென்னையில வேற வழக்கம்னா நீங்க இல்ல சொல்லியிருக்கணும்?”

தலைப்பு போட்ட பாவம்

இரண்டாவது புகாருக்குக் காரணம் என் பழைய வேலை. டிக்கெட்டை விற்பனைக்குப் போடும்போது ஒரு வரி விளக்கம் எழுதலாம். மாடம், வரிசை, இருக்கை எண் என்று எழுதிவிட்டு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. ‘சொந்த மண்ணில் வெற்றி நிச்சயம்’ என்று ஒரு தலைப்பு வைத்தேன்.

சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவர் அதைப் படித்துவிட்டு ஒரு டிக்கெட் வாங்கினார். சென்னை அணி மோசமாகத் தோற்றது. தோல்விக்குப் புகார் எழுத அந்தத் தளத்தில் இடம் கிடையாது. அவர் யோசித்து, ‘விளக்கத்தில் சொன்னதும் கிடைத்ததும் வேறு’ என்ற கட்டத்தைத் தொட்டார். தளத்துக்காரர்கள் என் விளக்கத்தைப் படித்தார்கள், ஆட்டத்தின் முடிவையும் பார்த்தார்கள், புகாரை ஏற்றுக்கொண்டார்கள். நான் அவர் வீடு வரை போய், திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். டீ கொடுத்தார். புகாரைத் திரும்பப் பெறவில்லை. “பேப்பர்ல எழுதின ஆளுதானே நீ? தப்பாப் போட்டா மறுநாள் ‘வருந்துகிறோம்’னு போடுவீங்களே, அதையாவது போட்டியா?”

அன்றிலிருந்து என் விளக்கம் இவ்வளவுதான்: மாடம், வரிசை, இருக்கை, பகல் ஆட்டமானால் ஐந்தரை மணி வரை முகத்தில் வெயில் அடிக்கும்.

ஆறு பார்த்தசாரதிகள்

இப்போது ஏழு நாற்பதுக்கு வருகிறேன். மூன்றாவது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பார்த்தசாரதி என்பவர் இரண்டு டிக்கெட் வாங்கினார். உடனே அனுப்பிவிட்டேன். அனுப்பினால் போதாது, ஆறு மணி நேரத்துக்குள் வாங்கியவர் தன் போனில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தொட வேண்டும். தொடாவிட்டால் விற்பனை ரத்து. பழி விற்றவன் மேல், அதுவும் ஒரு புகாராகவே கணக்கில் ஏறும். எட்டேகாலுக்குக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. எட்டரைக்கும் அப்படியே.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் என் மச்சான் தாமோதரனுக்குச் சொன்னேன். அவன் பார்த்தசாரதியின் படத்தைத் தளத்தில் பார்த்தான். நெற்றியில் திருமண், பின்னால் மலைப்பாதை. “மாமா, நீ பஸ் ஏறு. இவரு செல்லைக் கவுன்ட்டர்ல குடுத்துட்டு தரிசன கியூவுல நின்னுக்கினு இருக்காரு. அவரு வெளிய வந்தாதான் செல்லு, செல்லு வந்தாதான் உனக்குப் பொழப்பு” என்றான். சித்தூரிலிருந்து திருப்பதி, அங்கிருந்து திருமலை. செல் திருப்பிக் கொடுக்கும் கவுன்ட்டர் முன்னால் நான் போய் நின்றபோது மணி பன்னிரண்டு. என்னிடம் இருந்த நேரம் ஒன்று நாற்பது வரை.

படத்தில் இருந்தது சின்ன முகம். வெளியே வருகிற ஆண்களில் பாதிப் பேர் அதே திருமண்ணோடு வந்தார்கள். பழைய பேப்பரில் ‘பார்த்தசாரதி’ என்று தமிழிலும் தெலுங்கிலும் கொட்டை எழுத்தில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பார்த்தசாரதிக்காகக் காத்திருப்பவன் அந்த மலையில் அப்படிப் பேப்பரைத் தூக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர் வந்து “நான்தான்” என்றார்கள். அதில் ஒருவர், எந்த டிக்கெட் என்று கேட்காமலே, இருந்தால் தனக்கும் இரண்டு வேண்டும் என்றார். ஒன்று இருபத்திரண்டுக்கு ஆறாவது ஆள் வந்தார். போனைப் போடச் சொல்லி, அது உயிர் பெறும் வரை பக்கத்திலேயே நின்று, அவர் விரல் கட்டத்தில் பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் டிக்கெட்டை மேலும் கீழும் படித்துவிட்டுக் கேட்டார்: “உள்ள அஞ்சு மணி நேரம் நின்னேன், ஒரு நொடிதான் பார்க்க விட்டாங்க. இதுல மூணரை மணி நேரம் உக்காந்து பார்க்கலாம்னு இருக்கே, நெஜமா சாமி?”

சிபாரிசுக் கடிதம்

நான்காவது ஆட்டத்துக்கு வாங்கியவர் திருப்பதியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மாள். பணம் செலுத்திய கையோடு எனக்கு ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பினார். பச்சை மை, முத்திரை, கையெழுத்து. ‘இவர் எனக்கு வேண்டியவர், தக்க இருக்கை அளித்து உதவவும்’ என்று ஒரு பெரிய மனிதர் தெலுங்கில் எழுதியிருந்தார்.

அம்மா, நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், இருக்கை எண்கூட வந்துவிட்டது, கடிதம் வேண்டாம் என்றேன். அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. புகார்கள் அப்படித்தான் பிறக்கின்றன. கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்து, ‘பரிசீலித்து, பதினான்காம் வரிசை ஒதுக்கப்பட்டது’ என்று பதில் எழுதி அனுப்பினேன். பதினான்காம் வரிசை ஒன்பது வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. உடனே போன் வந்தது. “இப்பதான் சார் நிம்மதி. லெட்டர் இல்லாம கெடைச்சா அது நல்ல சீட்டான்னு எப்பிடி நம்பறது?”

ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வாங்கினார்கள், போனார்கள், பார்த்தார்கள், வந்தார்கள். அன்று முழுக்க நான் போனைக் கீழே வைக்கவில்லை.

மொட்டையும் கைப்பேசியும்

ஆறாவது ஆட்டம். நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் முனிரத்தினமும் அவர் மனைவி தனலட்சுமியும் இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். மாலை ஆறரைக்கு மைதான வாசலிலிருந்து முனிரத்தினம் கூப்பிட்டார். செயலி திறக்கவில்லை. அது முகத்தைப் பார்த்துத்தான் டிக்கெட்டைக் காட்டும். பதிவு செய்தபோது அவருக்குத் தலை நிறைய முடி, பெரிய மீசை, தாடி. முந்தின நாள் திருமலையில் மூன்றையும் காணிக்கை கொடுத்துவிட்டு நேராகச் சென்னைக்குப் போயிருக்கிறார்.

தாமோதரனும் அழைப்பில் சேர்ந்துகொண்டான். துண்டைத் தலையில் போட்டுப் பார்த்தார், செயலி ஏற்கவில்லை. வாசலில் விற்கிற மஞ்சள் சவுரியை வாங்கி மாட்டிப் பார்த்தார், ஏற்கவில்லை. மணி ஆறு ஐம்பது. “இப்ப கம்ப்ளெய்ன்ட் எழுதறதைத் தவிர வேற வழி இல்ல போலிருக்கே சார்” என்றார், மரியாதையாகத்தான். எழுதாதீர்கள், இருபது நிமிஷம் கொடுங்கள் என்றேன். விற்பவன் ஒரே ஒரு தடவை டிக்கெட்டைத் திரும்ப எடுத்து வேறு எண்ணுக்கு அனுப்பலாம். அதுவும் போய்ச் சேராவிட்டால் விற்பனை ரத்து. அவர் எழுதாமலே புகார் ஏறிவிடும். “அம்மா முடி குடுத்தாங்களா?” என்று தாமோதரன் கேட்டான். இல்லை, மூன்று கத்தரி மட்டும்தான் என்றார். அதாவது நுனியில் மூன்று வெட்டு. முகம் முழுசாக இருக்கிறது.

டிக்கெட்டைத் திரும்ப எடுத்தேன். தனலட்சுமியின் போனில் செயலி இறங்க ஒன்பது நிமிஷம். அத்தனை பேர் கூடின இடத்தில் இணைப்பு இழுத்துக்கொண்டு நின்றது. தாமோதரன், “அம்மா, நேராப் பாருங்க, சிரிக்காதீங்க” என்று கல்யாண போட்டோ எடுப்பவன்போல் சொல்லிக்கொண்டே இருந்தான். ஏழு பதினெட்டுக்குக் கட்டம் பச்சையானது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும்போது அந்த அம்மாள் போனை அணைக்க மறந்துவிட்டார், பேசியது எனக்குக் கேட்டது: “இருபது வருஷமா உம்மூஞ்சியக் காட்டி என்னைக் கூட்டிக்கினு போன. இன்னிக்கு எம்மூஞ்சியக் காட்டி நீ வா.”

விற்காத ஆட்டம்

ஏழாவது ஆட்டத்துக்கு நாங்கள் நான்கு பேர் போனோம்: நான், சுலோசனா, தாமோதரன், அவன் மனைவி. விற்பவனின் சொந்தப் போனில் இரண்டு டிக்கெட்டுக்கு மேல் திறக்காது. ஆகவே இரண்டை அதே தளத்தின் வழியாகச் சுலோசனாவின் போனுக்கு அனுப்பினேன். பதினான்காம் வரிசையில் அவள் உட்கார்ந்தாள். கையால் இருக்கையின் முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். சென்னை அணி கடைசி ஓவரில் ஜெயித்தது. வரும் வழியெல்லாம் அவள் அந்த ஓவரையே பேசிக்கொண்டு வந்தாள். புகார் இரண்டோடு நின்றது, சீசன் முடிந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கணக்கு மூடப்பட்டதாகத் தகவல் வந்தது. காரணம், மூன்றாவது புகார். யார் என்று பார்த்தேன். இருக்கை எண் எங்களுடையது. ஆட்டம் முடிந்ததும் தளம் சுலோசனாவின் போனில், ‘ஏதாவது சிரமம் இருந்ததா?’ என்று கேட்டிருக்கிறது. ‘இருந்தது. முன்வரிசைக்காரர்கள் கடைசி வரை உட்காரவே இல்லை. நானும் நின்றுகொண்டேதான் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறாள். தளத்தின் கணக்கில் அது புகார்.

போனை அவளிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தாள். ஒன்பது வருஷ இருக்கை அதோடு போகிறது என்று சொன்னேன். பிறகு போனை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “கேட்டாங்க, நடந்ததச் சொன்னேன். அதுக்காக சீட்டை உட்டுடுவீங்களா? எம்பேர்ல ஒரு கணக்கு தொறங்க. நானே விக்கறேன், வர்ற புகாருக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்.”

முன்பின் தெரியாத ஆறு ஆட்டத்து ஜனங்களைச் சமாளித்தவன் வீட்டிலிருந்து கூட்டிப்போன ஒரே வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டான் என்பதுதான் அந்த சீசனின் மொத்தச் செய்தி. ஜூலை 14ஆம் தேதி நான்கு இருக்கைகளும் புதுப்பிக்கப்பட்டன. விற்பவர்: சுலோசனா, புகார்கள்: இல்லை.