அட்டையில் இல்லாத வலி

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. எங்கள் மாணவிகள் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரிக்குத் தொழிற்பேட்டையின் வெளிமாநிலத் தொழிலாளர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லாரும் வருவார்கள். யாரிடம் எப்படி நடந்துகொள்வது என்று பழக்க, டெமோ ரூம் கட்டிலிலிருந்த பொம்மையை எடுத்துவிட்டு, ஆளையே நோயாளியாக நடிக்க வைத்தேன்.

முதலில் நடிக்கச் சம்மதித்தவர் எங்கள் ஆபீஸ் கிளார்க் அம்மா. பழவேற்காட்டு முஸ்லிம். மாணவிக்கு நான் கொடுத்த அட்டையில் இப்படி இருந்தது: 'முஸ்லிம் பெண். வயிற்று வலி. நோன்பு வைத்திருக்கிறார். ஆண் டாக்டர் தொடக்கூடாது.'

அன்று நர்ஸாக நின்றவள் திருப்பாச்சூர்ப் பெண், நெல் விவசாயம் செய்யும் வீடு. அட்டையை மனப்பாடம் செய்திருந்தாள்.

"நீங்க நோன்புன்னு தெரியும்மா. லேடி டாக்டரத்தான் கூப்பிடுவோம், பயப்படாதீங்க" என்றாள்.

கிளார்க் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கு சுகரு. நான் நோன்பு வெக்கறதில்லம்மா. பத்து வருசமா ஆம்பள டாக்டராண்டதான் காட்டிக்கினு இருக்கேன். வலி எங்கன்னு நீ கேக்கவே இல்லியே?"

மாணவிகள் சிரித்தார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, சொன்னபடி நடிக்கவில்லையே என்று. பிறகுதான், தப்பு அந்தப் பெண்ணுடையது அல்ல, அட்டையை எழுதிய என்னுடையது என்று உறைத்தது. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "நீயே கேளு" என்றேன்.

"இன்னா பண்ணுதும்மா உங்களுக்கு? எங்க வலிக்குது?"

"இத்தினி பேரு பாத்துக்கினு இருந்தா எப்படி சொல்றது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஸ்க்ரீனை இழுத்து மூடினாள். இருபது பேர் வெளியே நின்றோம். உள்ளே முணுமுணுப்பு மட்டும் கேட்டது. உள்ளே நடப்பது தெரியாமல் மார்க் போட வழியில்லை.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, தனியாக என்னிடம் சொன்னாள்: "மேடம், அவங்க நடிக்கல. ரெண்டு மாசமா சாப்பிட்டவொடனே வலது பக்கம் வலிக்குதாம். ஊட்ல சொன்னா பேஜாராயிடும்னு சொல்லல. உங்ககிட்ட மட்டும் சொல்லட்டுமான்னு கேட்டேன், சரின்னாங்க."

மூன்று வருடமாக அந்த அம்மாவின் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். சமீபமாக டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடி வைப்பதைப் பார்த்திருந்தும், ஏன் என்று கேட்டதில்லை. அன்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் திருவள்ளூருக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். அந்தப் பெண்ணும் கூட வர வேண்டும் என்று கிளார்க் அம்மா கேட்டுக்கொண்டதால் அவளையும் அழைத்துப் போனேன். பித்தப்பையில் கல். அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அவர் இல்லாதபோது ரெஜிஸ்டரில் நாங்கள் தாறுமாறாக எழுதி வைத்திருந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, உட்கார்ந்து சரிசெய்ய ஆரம்பித்தார்.