பந்து போன பிறகு

முதல் கோலைப் போட்டுவிட்டு என்னைக் கடந்து போகும்போது, பாப்பிரெட்டிப்பட்டி அணிக்காரன் ஒருவன், "கதவ சாத்திக்கங்க, காத்து வருது" என்று சிரித்தான். எண்பதுகளில், எங்கள் மாதா கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த கால்பந்துப் போட்டி அது. நான் கோல்கீப்பர். வயது பத்தொன்பது, கோபம் மூக்கின்மேல்.

இடைவேளைக்குப் பிறகு அவன் மறுபடி தனியாகப் பந்தோடு வந்தான். நான் கோலை விட்டு வெளியே ஓடினேன். அதற்குள் அவன் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டான். அதை நான் பார்த்தேன். நின்றிருக்கலாம், நிற்கவில்லை. என் கால் அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. காய்ந்த துவரங்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கிளம்பிய புழுதியில் யாருக்கும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

ஜீப்பில் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று எங்கள் கேப்டன் என்னையும் ஏற்றிவிட்டார். அடுத்த மாதம் அவனுக்குப் போலீஸ் செலக்‌ஷன் என்று அவன் கூட்டாளி வழியில் சொன்னான். உண்மை தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார்கள் என்றே நினைத்தேன்.

அவனுடைய அப்பா கரும்புக் காட்டிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"நீங்கதான் கோல்ல நின்னவருங்களா?"

பயத்தில் நாக்கு முந்திக்கொண்டது. "நான் நின்ன எடத்துலயேதாங்க நின்னேன். அவருதான் வந்து மோதிட்டாருங்க."

அவர் நம்பிவிட்டார். கட்டிலில் கிடந்த மகனிடம் திரும்பி, சும்மா நின்றவர்மேல் போய் விழுந்திருக்கிறாயே, அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வாய் என்று திட்டினார். அவன் என்னையே பார்த்தான்.

"ஆமாங்கப்பா, என் தப்புதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அப்போது வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவன் போலீஸில் சேரவில்லை.

அதன்பின் மாநில அணி வரை ஆடினேன். கோலுக்குள்ளேயே நிதானமாக நிற்பவன் என்று பேரும் வாங்கினேன். நிதானமாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் பயம். வெளியே ஓட வேண்டிய பந்து வரும்போதெல்லாம் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வேறொரு நாட்டு அணியின் கோல்கீப்பர்களுக்கு நான் பயிற்சியாளன். "வெளியே ஓடு" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான் என் பிழைப்பு. அவர்களும் ஓடுகிறார்கள். மோதியவர்கள் இருவரும் எழுந்து நிற்கும்வரை எனக்கு மூச்சு வராது.

போன வாரம் அவர்களில் ஒருவன், நீங்களும் இப்படி ஓடியிருக்கிறீர்களா என்று கேட்டான். பத்தொன்பது வயதில் ஓடினேன் என்றேன். பந்து கிடைத்ததா என்றான்.

கிடைத்தது என்றேன்.