அரை டாலர் லக்ஷ்மி

சுந்தரராமன் நாணயத்தை விளிம்பில்தான் பிடிப்பார். முகத்தில் விரல் படாது. எடுப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். மகள் அஞ்சனா பக்கத்தில் வந்தால், "தள்ளி நில்லு, மூச்சு படும்" என்பார்.

"அப்பா, இட்ஸ் எ காயின். நாட் எ பேபி."

தொண்ணூறில் டெக்சாஸுக்கு வந்தவர். இர்விங் அபார்ட்மெண்டில் துணி துவைக்கும் மெஷினுக்குக் கால் டாலர்களாகப் போட வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைக் கவிழ்த்தபோது ஒன்று மட்டும் வேறு மாதிரி ஒலித்தது. பழைய வெள்ளிக்காசு. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மெஷினுக்கு ஒரு காசு குறைந்தது. அந்த வாரம் அழுக்குச் சட்டையோடுதான் ஆபீஸ் போனார்.

அங்கிருந்து இன்னும் பழைய வருஷங்களாகப் பின்னால் பின்னால் நகர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு ப்ரூஃப் நாணயங்களில் போய் நின்றார். கடையில் கொடுத்து வாங்க அடித்தவை அல்ல அவை. மெருகேற்றிய அச்சில், சேகரிப்பவர்களுக்கென்றே சில நூறு மட்டும் அடித்தவை. பார்த்தால் முகம் தெரியும்.

"அதென்ன ப்ரூஃப்? அட்ரஸ் ப்ரூஃபா?" என்றாள் மனைவி நாகலக்ஷ்மி.

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"யார்கிட்ட காட்டணும்?"

அதற்குப் பதில் தொண்ணூற்றெட்டில்தான் கிடைத்தது. உள்ளூர் நாணயக் கழகத்தில் கண்காட்சி. ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் அரை டாலர், 1881 முதல் 1886 வரை, ஆறும் இருந்தால் தன் பெயரெழுதிய அட்டையோடு போட்டிக்கு வைக்கலாம். ஐந்து இருந்தன. சேர்க்க ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஆறாவது, கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை தபாலில் வந்தது. பிரித்தார். நூறு வருஷம் காகித உறைக்குள் கிடந்ததில் விளிம்பெல்லாம் மயில்கழுத்து நிறம் ஏறியிருந்தது. அந்த நிறத்துக்குத்தான் விலை.

"நாகு, லக்ஷ்மி வந்துட்டாடி நம்மாத்துக்கு!"

மேஜை மேல் வெல்வெட் துணியில் வைத்துவிட்டு மறுநாள் ஆபீஸ் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை திரும்பியபோது வாசலில் செருப்புகள். வரலக்ஷ்மி நோன்பு. பெண்கள் சுண்டலும் தாம்பூலமுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கலசம். அதன் முன்னால், பரப்பிய அரிசியில், புத்தம் புதிதாக அரை டாலர். உட்கார்ந்திருந்த பெண்ணின் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"கறுத்துக் கெடந்தாளேன்னு விபூதி போட்டுத் தேச்சேன். பளிச்சுனு ஆயிட்டா பாருங்கோ. நோம்புக்கு மொத நாள் பாத்துன்னா வந்திருக்கா! விசாலாக்ஷி மாமி கன்னத்துல போட்டுண்டா."

குனிந்து பார்த்தார். மயில்கழுத்து போயிருந்தது. குத்துவிளக்கு வெளிச்சத்தில், தேய்த்த பாத்திரத்தில் தெரிவது போல வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள். அவை இனி அழியாது. வாயைத் திறந்தார். லக்ஷ்மி என்று சொன்னது யார்?

"என்ன, நன்னா இல்லையா?"

"நன்னாருக்கு."

கை நீட்டினார்.

"ஐயோ, தொடப்படாது! நாளைக்குப் புனர்பூஜை ஆகணும்."

"எட்டரைக்கு எக்ஸிபிஷன், நாகு."

"ஏழு மணிக்கே முடிச்சுத் தரேன்."

சொன்னபடியே முடித்தாள். அவர் குங்குமத்தைத் தண்ணீரில் கழுவினார். கூந்தல் மடிப்பில் கொஞ்சம் சிவப்பு தங்கிவிட்டது. மூவருமாகக் கிளம்பினார்கள். ஆறையும் வரிசையாக வைத்தார்.

நடுவர் எழுபது வயது வெள்ளைக்காரர். ஐந்து நாணயங்களை லென்ஸ் வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். ஆறாவதில் லென்ஸை இறக்கினார்.

"எதை வைத்துத் தேய்த்தீர்கள்?"

விபூதியை இங்கிலீஷில் சொல்லச் சுந்தரராமனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டூத்பேஸ்ட் பார்த்திருக்கிறேன், சமையல் சோடா பார்த்திருக்கிறேன்" என்றார் நடுவர். "சாம்பல் இதுதான் முதல் தடவை." பரிசு ரிப்பன் பக்கத்து மேஜைக்குப் போனது.

காரில் நாகலக்ஷ்மி கேட்டாள். "அந்தத் தாத்தா என்ன சொன்னார்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். பின்சீட்டிலிருந்து அஞ்சனா சொன்னாள். "அம்மா, யூ ரூயின்ட் இட்."

ஃப்ரீவேயில் இரண்டு எக்ஸிட் கடந்தன.

"நேத்திக்கே ஏன் சொல்லலை?"

"நேத்திக்கு அவ லக்ஷ்மின்னா."

"இன்னிக்கு?"

சட்டைப்பையிலிருந்து அரை டாலரை எடுத்தார். விளிம்பில் பிடிக்கவில்லை. முகத்தின் மேலேயே கட்டைவிரலை வைத்து அவள் உள்ளங்கையில் அழுத்தினார். அவள் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "கையைக் கழுவினேளா?" என்றாள்.

ஐந்து நாணயங்கள் இன்னும் உறையில் இருக்கின்றன. ஆறாவது பூஜை அலமாரியில். வெள்ளிக்கிழமைதோறும் விபூதி. இரண்டாயிரத்தொன்றில் டாலஸ் பக்கம் சொந்த வீட்டுக்குக் குடிபோனபோது பால் காய்ச்சுவதற்கு முன் அந்த அரை டாலர் லக்ஷ்மிதான் முதலில் உள்ளே போனாள். அதற்குள் தேய்த்துத் தேய்த்து அவள் மூக்கு கொஞ்சம் மழுங்கியிருந்தது.