வராத பிள்ளைகளின் பட்டியல்

செய்தி வந்தபோது நான் பன்வில பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாகனச் சாரதி கண்டியிலிருந்து அழைத்து, டொக்டர் விடியற்காலையில் போய்விட்டார் என்றார். வரிசையில் இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள். அவர்களையும் நிறுத்து எழுதி முடித்த பிறகுதான் கட்டடத்துக்குப் பின்னால் போய் அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அவர் என்னை ஏசியிருப்பார்.

டொக்டர் புவனேஸ்வரியை அறிந்த நீங்கள் எல்லோரும் அவரிடம் ஒரு தடவையாவது ஏச்சு வாங்கியிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் படித்து, இங்கேயே தங்கிவிட்டவர். மலையகத்துப் பிள்ளைகள் ஏன் வளராமல் நின்றுபோகிறார்கள் என்பதை ஆராய்வதே அவருடைய உத்தியோகம். நான் தெல்தோட்டைக்காரி, அவருடைய கள உத்தியோகத்தர். பதினொரு வருடம் ஒன்றாக மலை ஏறினோம். இரண்டு பேருமே வாய்க்காரிகள் என்பதால் ஏறும்போது சண்டை, இறங்கும்போது சமாதானம்.

தராசு விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார். காலையில் முதல் ஆளாகத் தானே ஏறி நிற்பார். அவருடைய நிறை எத்தனையோ வருடமாக அறுபத்திரண்டு கிலோ. தராசு அதைக் காட்டினால்தான் வேலை தொடங்கும். "நேற்று கொத்து ரொட்டி சாப்பிட்டீங்களே டொக்டர், அதைக் கழிக்க வேணாமா" என்று நான் சீண்டுவேன். சிரிக்காமல், கழித்தாயிற்று என்பார்.

வராத பிள்ளைகளின் பட்டியல் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் நாங்கள் அளந்த பாடசாலைகளில் பிள்ளைகள் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். எனக்குச் சந்தோஷம். அவருக்குச் சந்தேகம். வரவுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். நாங்கள் போன நாட்களில் மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் வரவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. நாங்கள் அளக்க வரும் நாளில் பாடசாலைக்காரர்களே மெலிந்த பிள்ளைகளையும் நோஞ்சான்களையும் வீட்டிலேயே நிற்கச் சொல்லிவிடுகிறார்கள். பாடசாலைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதாம். கெட்ட எண்ணம் இல்லை, வெட்கம்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கிழிந்த பாயை ஒளித்து வைப்பதுபோல எங்கள் ஆட்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள்.

"வராத பிள்ளைதான் எங்கட பிள்ளை" என்றார் டொக்டர். அன்றிலிருந்து வராதவர்களின் பெயரை எழுதி, அந்த வாரத்துக்குள்ளேயே தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டுக்கே போய் அளக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று.

அந்தச் சட்டத்தை நான் ஒருமுறை மீறினேன். இதை இங்கே எழுதாவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டம். பட்டியலில் கடைசிப் பெயர் சுகந்தி, வயது பதினான்கு. அவளுடைய லயம் உச்சியில் இருந்தது. நல்ல மழை, அட்டைக்கடி வேறு, நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது இல்லை. கீழே கடையில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். அந்தக் குடும்பம் நாவலப்பிட்டியில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார். அவர் 'லாம்' என்றார். நான் 'ஊரில் இல்லை' என்று எழுதிவிட்டு பஸ் ஏறினேன்.

சுகந்தி வீட்டில்தான் இருந்தாள். இரண்டு மாதம் கழித்து, நடக்க முடியாமல் மூச்சு வாங்கியவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். உடம்பில் இரத்தமே இல்லை, இதயம் தளர்ந்துவிட்டது என்றார்களாம். மூன்றாம் நாள் இறந்துவிட்டாள்.

டொக்டர் என் பதிவுத் தாளை மேசையில் வைத்து, போனீங்களா என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றேன். அன்று அவர் ஏசவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த லயத்துக்கு ஏறினார். சுகந்தியின் தாயிடம், நாங்கள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அது எங்கள் பிழை என்று மறைக்காமல் சொன்னார்.

அந்த அம்மா கத்தவில்லை. எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

"அளக்க வர்ற அன்னைக்கு அனுப்ப வேணாம்னு ஸ்கூல்ல சொன்னாங்க. போன வருசம் பக்கத்து வீட்டுப் புள்ளைய அளக்க நீங்க வீடு தேடி வந்தீங்கதானே. அதனால இவளும் தலை சீவிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்தா. மழை விட்டா வருவாங்கம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தா."



ஆய்வறிக்கையில் அவர் ஒரு வரி சேர்த்தார். இந்தப் பிள்ளையின் வீட்டுக்கு எமது குழு செல்லவில்லை என்று. மேலிடத்தில் இருந்தவர்கள் அதை எடுக்கச் சொன்னார்கள். நிதி தருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்கள். அந்த வரி போனால் அறிக்கையில் என் பெயரும் போகட்டும் என்றார் டொக்டர். வரி நின்றது. அடுத்த பதவி உயர்வில் அவருடைய பெயர் இல்லை.

நான் வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நீங்கள் விட்டிட்டுப் போனா இன்னொரு ஆள் வருவா. அவவுக்கும் மழை பெய்யும். நீங்கள் நிண்டா, ஏறாட்டி என்ன நடக்கும் எண்டு தெரிஞ்ச ஒரு ஆளாவது எங்களிட்ட இருக்கும்."

போன வருடம் ஒரு காலையில் தராசு ஐம்பத்தெட்டு காட்டியது. தராசு பிழை என்று திருத்தக் கொடுத்தார். சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. இன்னொரு தராசு கொண்டுவரச் சொன்னார், அதுவும் ஐம்பத்தெட்டுதான். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, சரி, பிள்ளைகளைக் கூப்பிடுங்கோ என்றார். புற்றுநோய் என்று அந்த மாதக் கடைசியில் தெரிந்தது.

கடைசியாக அவரைக் கட்டுகஸ்தோட்டை வீட்டில் பார்த்தேன். கட்டிலில் பாதியைக்கூட நிரப்பாமல் கிடந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நோயாளியைப் பார்க்கப் போன நான் என் பாரத்தைத்தான் அவர்மேல் இறக்கினேன். இத்தனை வருடம் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"டொக்டர், அன்னைக்கு நான் ஏறிப் போயிருந்தா அந்தப் புள்ள பொழைச்சிருக்குமா?"

இந்தக் கேள்வியை வேறு யார் யாரிடமோ கேட்டிருக்கிறேன். என் புருஷன் அது விதி என்றார். கோயில் ஐயர் அவளுடைய ஆயுள் அவ்வளவுதான் என்றார். கூட வேலை செய்பவர்கள், உங்களைப்போல உழைக்கிறவர் யார், சும்மா மனதைப் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார்கள். அவரும் அப்படி ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். சாகப்போகிறவர் சொன்னால் நம்பிவிடலாம் என்றும் நினைத்தேன்.

அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"ஓம்" என்றார். "அந்த நேரம் கண்டிருந்தா, காப்பாத்தியிருக்கலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து வரும்வரை விடவில்லை.

அவருடைய புத்தகங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறார்கள். அவர் பெயரில் ஒரு பரிசு வைக்கப்போவதாகவும் பேச்சு இருக்கிறது, வைக்கட்டும். எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அந்த 'ஓம்'. ஆறுதல் சொல்லி என் கையிலிருந்து சுகந்தியைப் பறித்துக்கொண்டு போகாத ஒரே மனுஷி அவர். சுகந்தி என்னிடமே இருக்கிறாள்.