பக்கத்து வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்து வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிகள் வந்து உறுமாத தெரு. அதுவே பெரிய விஷயம்!

உரிமையாளர் கருப்பண்ணன், என்னைவிட மூத்தவர். மகளோடு இருக்கக் கோவைக்குப் போகிறார். "யாராச்சும் வந்து கேட்டா நல்லபடியா சொல்லுங்க சாமி" என்றார். தலையாட்டினேன். எத்தனை வருடப் பழக்கம்...

போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி சுமதி, இங்கே ஓர் இன்ஜினியரிங் காலேஜில் ஆசிரியை. பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஏற்கெனவே வக்கீலிடம் காட்டிவிட்டாராம். போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். மாடியில் நின்று செல்போன் சிக்னல் பார்த்தார். கணவர், பாவம், பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

அடுத்து எங்கள் வீட்டு காலிங் பெல்.

"ஏனுங்க, மழை பேஞ்சா வாசல்ல தண்ணி நிக்குமுங்களா?"

நிற்கும். பெரிய மழை என்றால் முழங்கால் வரை நிற்கும். என்ன சொல்வது? காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கருப்பண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கப் போகிற பெண்.

"நிக்குமுங்க. ஆனா சீக்கிரம் வடிஞ்சுரும்" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு நேராக எதிர்வீட்டு சரசக்காவிடம் போனார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். அவ்வப்போது எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்... ஏன்?

இரண்டு நாள் கழித்து கருப்பண்ணன் வந்தார். முகம் சரியில்லை.

"அவங்க வேண்டான்னுட்டாங்க சாமி."

எனக்கு உறுத்தியது. "மன்னிச்சுக்குங்கண்ணா. அந்தப் பொண்ணு கேக்கறப்ப பொய் சொல்ல வாய் வரல."

"அட, தண்ணியப் பத்தி இல்லீங்க. வாசல மேடு பண்ணிக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஊடு ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

"அப்புறம்?"

தயங்கினார். "தெருவுல நடக்கறதையெல்லாம் நீங்க வாரப் பத்திரிகைல எழுதிப்போடுவீங்கன்னு சரசு சொல்லிருக்கா. 'நாங்க புருசன் பொண்டாட்டி சண்ட போட்டாக்கூட ஊரே படிக்குமுங்களே'ன்னு அந்தப் புள்ள பயந்துக்கிச்சு."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

முதலில் கோபம்தான் வந்தது. எழுதுவது ஒரு குற்றமா? ஆறிய பிறகு யோசித்தால்... சுமதி செய்ததுதான் சரி. பத்திரத்தைப் பார்க்க வக்கீல் இருக்கிறார். சுவரைத் தட்டிப் பார்க்க மேஸ்திரி இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் எப்படிப்பட்ட ஆள் என்பதை நாமேதான் தெருவில் நாலு பேரிடம் கேட்க வேண்டும். நம்மில் பலரும் சமையலறை எந்த மூலையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்!

கருப்பண்ணன் இன்னும் போகாமல் நின்றார்.

"ஞாயித்துக்கெழம வேற ஒரு பார்ட்டி பாக்க வாராங்க சாமி..." என்று இழுத்தார். "நீங்க அன்னிக்கு எங்கியாச்சும் போய்ட்டு வாரீங்களா?"

இந்தப் பத்தியை ஓமலூரில், மச்சினன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.