வெறும் ஊசி அக்கா

அக்கா ஆரஞ்சை வராந்தாவில் நின்றபடியேதான் உரிப்பார். தின்று முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, விரல்களை முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவுவார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைப்பார். "தோல் வாசனை கைல இருந்தா போதும், அதுவும் கிராஃப்ல வந்து உக்காந்துக்கும்." பயிற்சிக்கு வந்த எங்களுக்கு முதல் நாளே தலை எண்ணெய், சென்ட், கைக்கிரீம் எல்லாவற்றுக்கும் தடை. "பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க? மாதிரி பாக்க வந்திருக்கீங்க."

ஒரு மாதிரியில் என்னென்ன பொருள் கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியை அவர் விளக்குவது ஒரு தனி அழகு. அடுப்புப் பெட்டிக்குள் முடி போன்ற ஒரு நீளக் குழாய் சுருண்டு கிடக்கும். "சினிமா விட்ட கூட்டம் ஒரே சந்து வழியா வருதுன்னு வைங்க. லேசான ஆளு ஓடி வந்துருவான். கனமான ஆளு அசைஞ்சு அசைஞ்சு வருவான். நாம வாசல்ல நின்னுக்கணும்." அப்படி வெளியே வரும் ஒவ்வொரு பொருளையும் கருவி சுக்குநூறாக உடைக்கும், உடைந்த துண்டுகளை எடைபோட்டு, இது இன்னதாக இருக்கலாம் என்று ஒரு பெயரைச் சொல்லும்.

எந்த மாதிரிக்கு முன்னாலும் வெறும் கரைப்பானை ஊசியில் எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். திரையில் கோடு தரையோடு தரையாகப் போனால்தான் மேற்கொண்டு பேச்சு. ஆகவே அவர் எங்களுக்கு 'வெறும் ஊசி அக்கா'. காதில் விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

ஒரு பிற்பகல், குழந்தைகள் வார்டிலிருந்து ஓர் இளம் தகப்பன் சிறுநீர் மாதிரியோடு ஓடி வந்தான். பிறந்து சில நாளே ஆன குழந்தை. பாலைக் கக்குகிறது, கண் திறக்கவில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தயங்கிச் சொன்னான்: "குழந்தைமேல ஒரு நாத்தம் அடிக்குதுங்க, வேர்வைல ஊறின சாக்ஸ் மாதிரி. புள்ளையக் குளிப்பாட்டக்கூடத் தெரியலையேன்னு எங்கம்மா என் சம்சாரத்தத் திட்டிக்கிட்டே இருக்காங்க."

அக்காவின் முகம் மாறியது. "வீட்ல சொல்லுங்க, யாரும் அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மாதிரியைத் தயார் செய்தோம். அப்போதும் அவர் கை வெறும் கரைப்பானைத்தான் எடுத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, குழந்தை உசிருக்குப் போராடுது. இப்பவும் வெறும் ஊசியா?"

"காலைல நாம பழகுறதுக்கு ஏத்துனதுல என்னென்ன அமிலம் இருந்துச்சு? அதோட மிச்சம் குழாய்ல ஒட்டியிருந்தா, அந்தப் பேர இந்தக் குழந்தை தலையில கட்டிருவோம். தப்பான பேரும் கொல்லும்."

கோடு தரையோடு போய் முடியும்வரை காத்திருந்தோம். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்கக்காவுக்கு ரெண்டு குழந்தை இப்படித்தான் போச்சு. என்ன நோவுன்னே தெரியாது. நோவுக்குப் பேரு இல்லேன்னதும் பேர எங்கக்காவுக்கு வச்சாங்க. ராசியில்லாதவன்னு. சாகிற வரைக்கும் அந்தப் பேருதான்."

பிறகு குழந்தையின் மாதிரி ஓடியது. ஓரிடத்தில் கோடு செங்குத்தாக எழும்பி நின்றது. கருவி சொன்ன அமிலத்தின் பெயரை அவர் அப்படியே நம்பவில்லை. துண்டுகளை அசல் பொருளின் துண்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பொருந்தின. வார்டு டாக்டரை அழைத்தார். குழந்தையின் உடம்புக்குப் புரதத்தின் ஒரு பகுதியை உடைத்துக் கழிக்கத் தெரியவில்லை; தாய்ப்பாலே அதற்கு விஷமாகிக்கொண்டிருந்தது. அந்த நாற்றமும் உடம்பில் தேங்கிய அந்த அமிலத்துடையதுதான். பாலை நிறுத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பல நாள் இழுபறிக்குப் பின் குழந்தை கண் விழித்தது.

பயிற்சி முடியும் தறுவாயில் குடும்பமே ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தது. மாமியார் கையில் குழந்தை. நாங்கள் எல்லோரும் அதைச் சூழ்ந்துகொண்டோம். பின்னால், சுவரோரம், தலை குனிந்து நின்றாள் குழந்தையின் தாய். அக்கா எங்களை விலக்கிக்கொண்டு, குழந்தையைத் தாண்டி நேரே அவளிடம் போனார். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.