மேராப் டீச்சருக்குப் புரியாத பாடம்

மேராப் அமுகே வாரநாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். சனிக்கிழமை காலையில் கோயிலில் திடப்படுத்தல் வகுப்பு, பிஷப் வந்து விசுவாசத்தில் உறுதிப்படுத்துவதற்கு முன் பிள்ளைகள் படிக்கிற வகுப்பு. தேசோ நாட்டில் கட்டாக்வி ஊர்ப் பக்கத்துத் தகரக்கூரைக் கிறிஸ்தவக் கோயில் அது. கணக்கைவிடக் கடவுளைச் சொல்லிக்கொடுப்பது லேசு என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கடவுள் ஆள் பார்த்து அன்பு வைப்பதில்லை என்கிற பாடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மழை எல்லார் தோட்டத்திலும்தானே பெய்கிறது என்று தொடங்குவாள். பணக்காரன், ஏழை, படித்தவன், படிக்காதவன் என்று அடுக்கிக்கொண்டே போய், பிள்ளைகளுக்குப் பசி எடுப்பதற்குள் முடித்துவிடுவாள்.

அந்த வருஷம் வகுப்பில் லொக்வாங் வந்து சேர்ந்தான். மாவு மில்லில் காவல்காரன், ஐம்பதை நெருங்கிய வயது. பக்கத்து வறண்ட நாடான கரமோஜாவிலிருந்து பிழைக்க வந்தவன். ஞானஸ்நானம் வேண்டும் என்று போதகர் ஓலுக்காவிடம் கேட்டான். அவர் அவனைச் சிறுபிள்ளைகளோடு உட்காரச் சொல்லிவிட்டார். கையோடு கொண்டுவந்த சின்ன மர முக்காலியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டு, முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தான்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. ஜெபத்தில் பிள்ளைகள் "எதெகே" என்று கடவுளைக் கூப்பிட்டதும் அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"டீச்சரம்மா, யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"எங்க பேச்சுல எதெகேன்னா நோய். நீங்க நோயைக் கும்பிடறீங்களா?"

வகுப்பே உருண்டு சிரித்தது. தேசோக்காரர் பேச்சும் கரமோஜாக்காரர் பேச்சும் அக்கா தங்கை மாதிரி. மாட்டுக்கு ஏறக்குறைய ஒரே பெயர், கடவுளுக்கு மட்டும் இப்படி. மேராபும் சிரித்தாள். ஆனால் அவன் இருந்த பக்கம் திரும்பாமலே சிரித்தாள்.

காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு விடியற்காலையில் கரமோஜாவிலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள் ஊர் மாடு முழுவதையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏர் பூட்ட ஒரு காளைகூட மிஞ்சவில்லை. அண்ணன் எக்வாரு தன் செவலைக் காளையின் பின்னால் ஓடினான். ஊரோரப் பாறைக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. மத்தியானம் அவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அதன்பின் அப்பா மண்வெட்டியால் கொத்திப் பிழைத்தார், சாகும்வரை யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இத்தனை வருஷமாக அந்தப் பாடத்தை நடத்தியபோது கரமோஜாக்காரன் என்ற சொல்லை அவள் ஒருதரம்கூட அந்த அடுக்கில் சேர்த்ததில்லை. சேர்க்கவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது. ஆலுப்போ என்கிற வாய்த்துடுக்குப் பெண்தான் இந்த வருஷப் பாடத்தின் நடுவே அதைக் காட்டிக்கொடுத்தாள்.

"டீச்சர், எல்லார் மேலயும்னா… கரமோஜாக்காரங்க மேலயுமா?"

யாரும் பின்னால் திரும்பவில்லை. அத்தனை காதும் பின்னால்தான் இருந்தது.

"ஆமா. அவங்க மேலயும்தான்" என்றாள் மேராப்.

லொக்வாங் கை தூக்கினான். "நான் ஒண்ணு கேக்கலாமா டீச்சரம்மா? மாடு ஓட்ட வந்தோமே, அன்னிக்கும் அவருக்கு எங்க மேல இதே அன்புதானா? கொறையவே இல்லையா?"

"வந்தோமேன்னா? நீங்களுமா வந்தீங்க?"

"பையனா இருந்தேன். மாடு மடக்கக் கூட்டிட்டு வந்தாங்க."

மேராப் கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்தாள். பிறகு எதற்கு அழித்தோம் என்று தெரியாமல் நின்றாள். "இன்னிக்கு இவ்வளவு போதும்" என்று வகுப்பை விட்டுவிட்டாள்.

நேராகப் போதகர் வீட்டுக்குப் போனாள். ஓலுக்கா வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்கள மன்னிச்சிடும்மா" என்றார்.

"மன்னிக்கறதப் பத்தி நான் கேக்கலயே ஐயா. சமம்னு சொல்றோமே, அதக் கேக்கறேன். எங்கண்ணன் மேலயும் அவனச் சுட்டவன் மேலயும் ஒரே அன்புன்னா, அப்ப எங்க வீட்டுல நடந்தது அவருக்கு ஒண்ணுமே இல்லையா?"

போதகர் ஒரு கடலையை உரித்தார். இன்னொன்றையும் உரித்தார். "பெரிய கேள்வியால்ல இருக்கு. கடலை எடுத்துக்கோ."

அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்புக்கு வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மில்லுக்கு நடந்தாள்.

லொக்வாங் மில் கதவருகே அதே முக்காலியில் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து அதை அவளுக்கு நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

"எந்த ஊருக்கு வந்தீங்க?"

"பேரு தெரியாது. பெரிய பாறை இருந்துச்சு. புளியமரம் இருந்துச்சு."

தேசோ நாடு முழுக்கப் பாறையும் புளியமரமும்தான். அவளுடைய ஊராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"யாரையாவது சுட்டாங்களா?"

"சத்தம் கேட்டுச்சு. நான் மாட்டுக்கு முன்னால இருந்தேன், திரும்பிப் பாக்கல." முக்காலியில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தான். "மாட்டோட திரும்பறப்ப வேற கூட்டம் எங்கள மறிச்சுது. எங்கப்பாவக் கொன்னுட்டு மாட்ட ஓட்டிட்டுப் போனாங்க. அந்த மாட்டுப் பால ஒரு வாய் நான் குடிக்கல. அந்த வருஷப் பஞ்சத்துல தம்பியும் தங்கச்சியும் போயிட்டாங்க."

இதையெல்லாம் அவள் கேட்க வரவில்லை. கோபத்தைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு வந்திருந்தாள். இப்போது அதை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.

"நான் வர்றது ஒங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லுங்க, நின்னுக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க டீச்சரம்மா. எங்காளுங்க கெளம்பறப்ப கடவுள் நம்ம பக்கம்னு சொல்லித்தான் கெளம்புவாங்க. ஒங்காளுங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. அவரு ஆளே பாக்கறதில்லன்னா, அன்னிக்கு எங்கதான் நின்னாரு?"

"எனக்குத் தெரியல" என்றாள் மேராப். வர வேண்டாம் என்று சொல்ல மறந்தே போனாள். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். பின்வரிசையில் லொக்வாங் தலையைக் குனிந்துகொண்டான். "போன வாரப் பாடம் எனக்கே முழுசாப் புரியல" என்று அவள் முடித்தபோது ஆலுப்போ பதறினாள்.

"ஐயோ டீச்சர், பிஷப் வந்து கேட்டா என்ன சொல்றது?"

"ஆள் பாக்கறதில்லன்னே சொல்லு. அது சரிதான். எனக்குத்தான் அது எப்படின்னு தெரியல."

"எங்கம்மாவும் எல்லாரும் சமம்னுதான் சொல்லுவா" என்றான் ஒருவன். "கோழி அடிச்சா ருசியான இரைப்பை மட்டும் அப்பாவுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். லொக்வாங்கும் சிரித்தான். மேராபுக்கு ஒரு நொடி எரிச்சல் வந்தது, ஏனென்று சொல்ல முடியவில்லை. கடவுள் தனக்கு மட்டும் அந்த இரைப்பையைத் தர வேண்டும் என்றுதான் இத்தனை காலம் காத்திருந்தோமோ என்று தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்கவில்லை. உதறவும் முடியவில்லை.

பிஷப் வந்த ஞாயிறன்று கோயில் நிரம்பி வழிந்தது. ஞானஸ்நானம் பெறுகிறவரின் தோளில் கை வைத்துச் சாட்சியாக ஒருவர் நிற்க வேண்டும். மில்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. பிஷப் நிமிர்ந்து பார்த்தார். ஓலுக்கா தன் புத்தகத்தைப் புரட்டினார். லொக்வாங் தனியாக நின்றான், அவன் சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருந்தது.

மேராப் எழுந்து போனாள். யோசித்துப் போகவில்லை. கையை அவன் தோளில் வைத்த பிறகுதான் பாடகர் வரிசையில் தன் அக்கா அசெகெண்யே நிற்பது நினைவுக்கு வந்தது. அன்பு வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. வெறுப்பு வருகிறதா என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. எக்வாருவின் முகத்தை நினைக்க முயன்றாள். காளையின் செவலை நிறம்தான் வந்தது. தண்ணீர் அவன் தலையிலிருந்து தெறித்து அவள் மணிக்கட்டை நனைத்தது.

அக்கா விருந்துக்கு நிற்காமல் போய்விட்டாள். மாலையில் மேராப் அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லார் முன்னாலயும் அவன் தோள்ல கை வெச்சியே. என்ன நெனச்சுடி வெச்ச?"

"தெரியலக்கா."

"தெரியாமயா வெச்ச?"

"ஆமா."

அசெகெண்யே துடுப்பைச் சட்டியில் தட்டினாள். "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவ நீ. ஒனக்கே தெரியலன்னா?"

அக்கா களியையும் கீரையையும் ஒரு தட்டில் போட்டு அவள் முன் நகர்த்தினாள். தனக்கு எடுத்துக்கொண்ட தட்டோடு வெளியே போய் உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவு வழியாக அவள் முதுகு தெரிந்தது. மேராப் களியைப் பிட்டு உருட்டினாள். எழுந்து அக்கா பக்கத்தில் போய் உட்காரலாமா, இங்கேயே சாப்பிட்டுவிடலாமா என்று தெரியாமல் வெகுநேரம் உருட்டிக்கொண்டேயிருந்தாள்.